பழையதோடு பிணைக்கவும்

இரவு படுக்கப் போகும்போது 4.8 ஜி.பி. இருந்த ஃபைல், விடிந்து பார்த்தால் 5.3 ஜி.பி. ஆகியிருந்தது.

ஆனந்தகுமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான். பென்டிரைவை உருவி, ஊதி, மறுபடியும் செருகினான். அதே 5.3. முந்தின நாள் சாயந்திரம் இறக்கி முடித்ததும் அதைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தது அவனேதான். புதிதாக எது வந்தாலும் ஒரு ராத்திரி சாமிக்கு முன்னால் இருந்துவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும் என்பது அவன் மனைவி சௌந்தர்யா போட்ட சட்டம். அந்த வீட்டில் புதுச் செருப்புக்கு மட்டும்தான் விலக்கு. ஆக, எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகாமல், குங்குமக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பென்டிரைவுக்குள் ஃபைல் ராத்திரியோடு ராத்திரியாக அரை ஜி.பி. ஊதியிருந்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சித்தார்த்துக்குப் போன் போட்டான். ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் அவன் எந்த நேரத்திலும் எடுப்பான், எந்த நேரத்திலும் திட்டுவான்.

“சைஸ் எப்படிடா ஏறும்? எறக்கி வெச்ச ஃபைல் என்ன இட்லி மாவா, ராத்திரியில பொங்கறதுக்கு? எங்க இருந்து எறக்குன?”

“டிசைனருங்க குரூப்புல லிங்க் போட்டிருந்தாங்க. புது ஆபரேட்டிங் சிஸ்டம், பழைய டிசைன் ஒண்ணுகூட அழியாதுன்னு.”

“யாரு போட்டது?”

ஆனந்தகுமார் குரூப்பைத் தடவிப் பார்த்தான். பெயர் இல்லாத ஒரு எண். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை நூற்கண்டு ஒன்று.

“அதைத் தொடாத. பெட்டியத் தூக்கிட்டு இங்க வா. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தாரேன்.”

அழிச்சுட்டு என்ற அந்த ஒரு சொல்தான் அவனுக்கு ஆகாது. பதினான்கு வருஷத்துச் சேலை பார்டர் டிசைன்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. மயில், மாங்காய், ருத்திராட்சம், கோபுரம், எல்லாம் சௌந்தர்யா கட்டம் கட்டமாக வரைந்தவை. குமாரபாளையத்தில் அவர்களுக்கு எட்டுத் தறி. தறி அவனுடையது, தறியில் ஓடுகிற அத்தனை புத்தியும் அவளுடையது. பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்குக் காய்ச்சலில் அவள் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு அவன் அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். துணி மாற்ற வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஓடாத தறிகளின் நிசப்தம் அவன் காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பயம்தான். இவள் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அதை அவன் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

“சேலத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க” என்றாள் சௌந்தர்யா, காபியை வைத்தபடி. “இன்னைக்குத்தான் கரண்ட் கட் ஆச்சே. ஒம்பது மணிக்குப் போனா அஞ்சு மணிக்குத்தான் வரும். நீங்க இதைப் போடுங்க, நான் அஞ்சாம் நெம்பர் தறிக்குப் பாவு பிணைச்சுடறேன். தறி ஓடாதப்பத்தானுங்க நமக்கு வேலை ஓடும்.”

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். சரியாக ஒன்பது மணிக்கு நிறுத்தினார்கள்.

குமாரபாளையத்தில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் ஒரு சத்தமே அல்ல. அது இருக்கிறது என்பதே நின்றால்தான் தெரியும். முதலில் பக்கத்து ஷெட் நின்றது, பிறகு எதிர்ச் சந்து, பிறகு ஆற்றோரத்துத் தெருக்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் எங்கோ தூரத்தில் ஒற்றைத் தறி ஓடிய வேகத்தில் நாலு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. அதன்பின் ஊர் முழுவதும் பஞ்சு அடைத்ததுபோல ஆனது. காக்கை கத்துவது கேட்டது. மூன்று வீடு தள்ளி யாரோ தேங்காய் துருவுவது கேட்டது. ஷெட்டை ஒட்டிய கம்ப்யூட்டர் அறைக்குள் இன்வெர்ட்டர் மட்டும் மெல்லிய குரலில் முனகியது. அதன் பேட்டரி கிழடு. இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. அதற்குள் வேலை முடிய வேண்டுமே என்பதுதான் அப்போது ஆனந்தகுமாருடைய கவலை.

பென்டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை எழுப்பினான். கருந்திரையில் வெள்ளை எழுத்து வந்தது. தமிழில் வந்தது. அதுவே அவனுக்குப் பாதித் தைரியம் கொடுத்தது.

இரண்டு வழிகள் காட்டியது. பழையதை அழித்துவிட்டு நிறுவவும். பழையதோடு பிணைக்கவும்.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்திருப்பான். நெசவுக்காரன் யோசிக்கவில்லை. தறியில் ஒரு பாவு, அந்த நீளவாட்டு இழைகள், நெய்து தீரும்போது கடைசி முழத்தை யாரும் உருவி எறிவதில்லை. அப்படி எறிந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக இழையை ஏற்றி இறக்கும் விழுதுக் கம்பியின் கண்ணிலும், நெய்ததை அடித்து நெருக்கும் அச்சின் பல்லிலும் கோத்தாக வேண்டும். அதனால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். பிறகு தறியை மெதுவாக ஓட்டினால் பழையது முன்னால் போகும், போகிற போக்கில் புதியதைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் தான் துணியோடு சுருண்டுகொள்ளும். மூன்று தலைமுறையாகக் கையில் ஊறிய பழக்கம் அது. ஆனந்தகுமார் இரண்டாவதை அழுத்தினான்.

அடுத்து, இந்த வீட்டில் இருப்பவர்கள் பெயர் கேட்டது. இந்தக் கணினியைப் பயன்படுத்துபவர்கள் என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் இருப்பவர்கள் என்றுதான் கேட்டது. அவன் அதைக் கவனித்தான், மொழிபெயர்த்தவன் அரைகுறை என்று நினைத்துக்கொண்டான். எந்த நல்ல காரியத்தையும் வீட்டுப் பெண் பெயரில் தொடங்குவதுதான் அவர்கள் வழக்கம். முதல் பெயராக சௌந்தர்யா என்று அடித்தான். இரண்டாவதாகத் தன் பெயரை அடித்தான்.

பிணைக்கப்படுகிறது, என்றது திரை. அதன்கீழே 0 / 4800.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சாம் நம்பர் தறிப் பாவிலும் நாலாயிரத்து எண்ணூறு இழைதான்.

*

சௌந்தர்யா எண்ணிக்கொண்டே பிணைப்பாள். நூறு முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அதைப் பார்த்திருக்கிறானே ஒழியக் கேட்டதில்லை. ஒரு தறியை நிறுத்தினாலும் மற்ற ஏழும் ஓடும், ஒருவர் வாயசைவை ஒருவர் படித்துக்கொள்வார்கள். கரண்ட் கட் நாட்களில் அவன் நூல் வாங்க வெளியே போய்விடுவான். இன்றைக்குத்தான் சுவரைத் தாண்டி அவள் குரல் தெளிவாக வந்தது.

“நூறு.”

திரையைப் பார்த்தான். 100 / 4800.

கொஞ்ச நேரம் கழித்து, “எரநூறு.” 200 / 4800.

தற்செயல் என்று நினைத்தான். ஐந்நூறு வரைக்கும் தற்செயல் என்றே நினைத்தான். எழுநூறில் ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் எண் மாறியது. ஷெட்டிலிருந்து பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை எப்போதும்போல வந்துகொண்டிருந்தது, அதோடு சாம்பல் வாசனையும். சாம்பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கொட்டாங்குச்சியில் ஒரு பிடிச் சாம்பலுக்கு இவ்வளவு வாசனை வராதே என்று தோன்றியது.

ஆயிரத்துக்குப் பிறகு இரண்டு குரல் கேட்டது.

“ஆயிரத்தி நூறு” என்றாள் சௌந்தர்யா. ஒரு மூச்சு தள்ளி, இன்னும் தணிந்து, “ஆயிரத்தி நூறு” என்றது இன்னொரு குரல்.

எதிரொலியாக இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த சந்துச் சென்னியம்மாள் வந்திருப்பார். பெரிய பாவு பிணைக்கும்போது அவர் ஒத்தாசைக்கு வருவது உண்டு. ஆனந்தகுமார் எழுந்துபோய் ஷெட் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தான். கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள் வழியாக வெயில் எட்டுக் கட்டங்களாக விழுந்திருந்தது. அஞ்சாம் தறிக்குப் பின்னால், பாவு உருளைப் பக்கமாக மணைமேல் சௌந்தர்யாவின் முதுகு தெரிந்தது. அவளுக்கு முன்னால் வெள்ளை இழைகள் திரைபோலத் தொங்கின. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம், விழுதுகளை ஒட்டி, இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகள் இந்தப் பக்கமிருந்து இழை கொடுக்க, இரண்டு கைகள் அந்தப் பக்கமிருந்து வாங்கின. வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை பிசகும். சென்னியம்மாள் வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று அவன் திரும்பிவிட்டான்.

மணி பதினொன்றரை ஆனது. பேட்டரி தீரவில்லை. பன்னிரண்டரைக்கும் தீரவில்லை. அவன் போய் மூடியைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது, வேலையே செய்யாததுபோல.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. 

“ஏஞ்சாமி, சௌந்தர்யா போனே எடுக்க மாட்டீங்கறா” என்றது சென்னியம்மாளின் குரல். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். “காத்தால பிணைக்க வரச் சொல்லியிருந்தா. எனக்குப் பவானியில ஒரு எழவு. சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். நாளைக்கு வாரேன்னு சொல்லிப்போடு.”

“நீங்க இங்க இல்லீங்களா?”

“எங்கயப்பா? இன்னும் திரும்பிப் பாலமே தாண்டலையே.”

சுவருக்கு அப்பால், “ரெண்டாயிரத்தி எண்ணூறு” என்றது ஒரு குரல். “ரெண்டாயிரத்தி எண்ணூறு” என்றது மற்றொன்று. இப்போது இடைவெளி இல்லை. எது முதல், எது இரண்டாவது என்று பிரிக்க முடியவில்லை.

*

அவன் ஓடினான். ஷெட்டுக்குள் சௌந்தர்யா மட்டும்தான் இருந்தாள். எதிர்ப்பக்கம் காலி. ஆனால் அங்கேயும் ஒரு மணை போட்டிருந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் கொட்டாங்குச்சி இன்னொன்று இருந்தது.

“யாரு புள்ள இங்க இருந்தது?”

“ஆரு? நான் ஒண்டியாத்தான ஒக்காந்திருக்கேன்.” அவள் நிமிரவில்லை. முகம் வெளுத்திருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே வெளுப்பு. “ஏனுங்க, எனக்கு என்னமோ இழுத்துக்கிட்டே இருக்கறாப்புல இருக்குதுங்க. ஒடம்புக்குள்ளார இருந்து நூல் உருவறாப்புல.”

“போதும். எந்திரி. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“பாதியில உட்டா பாவு கலைஞ்சுபோகுமுங்க.”

“போனாப் போகட்டும், எந்திரி.”

அவளைக் கையைப் பிடித்து எழுப்பினான். கை லேசாக இருந்தது. தூக்கினால் வந்துவிடும்போல அவ்வளவு லேசு. அவளை வாசற்படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அறைக்கு ஓடித் திரையைப் பார்த்தான். 2863-ல் நின்றிருந்தது. அவள் நிறுத்தினால் இதுவும் நிற்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டான். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் எண் 2864 ஆனது.

சுவருக்கு அப்பால் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பென்டிரைவைப் பிடுங்கினான். எண் ஓடியது. சுவிட்சை அணைத்தான். ஓடியது. இன்வெர்ட்டர் பேட்டரியின் இரண்டு வயர்களையும் கழற்றிச் சுவரோரம் எறிந்தான். முனகல் நின்றது. திரையின் வெளிச்சம் நிற்கவில்லை. மானிட்டரின் வயரை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வயர் அவன் கையில் இருந்தது. எண் திரையில் ஓடியது. காலையில் எது சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று பயந்தானோ, அது இப்போது தீரவே இல்லை.

சித்தார்த்தைக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுத்தான். “எடுத்துட்டு வான்னு சொன்னேன்ல” என்று அவன் தொடங்கும்போதே டவர் போய்விட்டது. அதன்பின் போனில் ஒரு கோடுகூட இல்லை.

வாசற்படிக்கு வந்தான். தண்ணீர்ச் சொம்பு இருந்தது. சௌந்தர்யா இல்லை.

*

எண்ணுகிற குரலில் எது அவள் என்று தெரியாமல் அவன் ஷெட் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு மணி நேரமா, மூன்று மணி நேரமா தெரியாது, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் கட்டங்கள் எட்டும் சாய்ந்து சாய்ந்து சுவரில் ஏறின. ஊரில் இப்போது காக்கைகூடக் கத்தவில்லை. தேங்காய் துருவல் இல்லை. குழந்தை அழுகை இல்லை. சாம்பல் வாசனை மட்டும் தொண்டையில் அப்பியிருந்தது. 

“நாலாயிரத்தி அறநூறு.”

ஒரே குரல். இரண்டு வாய்.

காலையில் திரை பெயர் கேட்டது நினைவுக்கு வந்தது. அவள் பெயரை முதலில் அடித்தது தன் விரல்தானே. பாசத்தில்தான் அடித்தான். ஆசையாகத்தான் முதலில் போட்டான். விதி போகிற வழிக்குத்தானே மதி போகும்.

“நாலாயிரத்தி எழுநூறு.”

உள்ளே போனான்.

நூல்திரைக்கு இந்தப் பக்கம் சௌந்தர்யா. அந்தப் பக்கம் சௌந்தர்யா. அதே மாம்பழக் கலர் சேலை, அதே கலைந்த கொண்டை, நெற்றியில் அதே சாம்பல் தீற்றல். இரண்டு பேரும் கடைசி இழையைப் பிணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். 

“நாலாயிரத்தி எண்ணூறு.”

பின்னால் அறையில் மெல்ல ஒரு மணி அடித்தது. திறந்திருந்த கதவு வழியாக அங்கிருந்தே அவனுக்குத் திரை தெரிந்தது. பிணைப்பு முடிந்தது, அறுக்கவும், என்றிருந்தது.

முடிச்சுக்கு வெளியே நிற்கும் மிச்ச நுனிகளைக் கடைசியில் அறுப்பது வழக்கம். பிணைத்த கை அறுக்கக் கூடாது என்பார்கள். அதனால் கத்தரி எப்போதும் அவன் வேலை. தறிக்கட்டையின்மேல் அது வழக்கமான இடத்தில் இருந்தது. எடுத்தான். இதில் ஒன்று என் பெண்டாட்டி. மற்றதை அவளிடமிருந்து அறுத்துவிட வேண்டும். அது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

“சௌந்தரா. கையக் காட்டு. விரலக் காட்டு.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால் விழுதுக் கம்பி ஒன்று முறிந்து அவள் ஆள்காட்டி விரலைக் கிழித்திருந்தது. நான்கு தையல். அந்தத் தழும்பு அவனுக்குத் தெரியும். 

இந்தப் பக்கத்தவள் வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் தழும்பு. அந்தப் பக்கத்தவள் இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் தழும்பு. கண்ணாடி பார்ப்பதுபோல இருவரும் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் கை?

பதினாறு வருஷம். ஒரே பாய், ஒரே தட்டு. எந்தக் கை? ரத்தம் சொட்டச் சொட்ட அவளை மொபெட்டில் வைத்துக்கொண்டு போனது நினைவிருந்தது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி நினைவிருந்தது. எந்தக் கை என்பது இல்லை. மண்டையைக் குடைந்தான். ரசம் சாதம் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டது கண்ணில் வந்தது. ஊட்டினான் என்றால் அவளால் சாப்பிட முடியவில்லை. அப்படியென்றால் வலது கை. வலது கைதான். காலையில் அவள் உட்கார்ந்திருந்ததும் இந்தப் பக்கம்தானே.

“ஏனுங்க” என்றாள் அந்தப் பக்கத்தவள். “தெரியலீங்களா?”

“ஏனுங்க” என்றாள் இந்தப் பக்கத்தவள். “தெரியலீங்களா?”

பிணைத்த முடிச்சுகளுக்குக் கீழே மிச்ச நுனிகள் கொத்தாகத் தொங்கின. அந்தக் கொத்தை மடியில் வைத்திருந்தது அந்தப் பக்கத்தவள். ஆனந்தகுமார் குனிந்தான். ஈரக் கூந்தலைப் பிடித்ததுபோல அது கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஒரே வெட்டு.

வெட்டியபிறகுதான் உறைத்தது. காலையில் இந்தப் பக்கம் அவன் பார்த்தது வெறும் முதுகைத்தான். விழுதுப் பக்கம் இருப்பது எப்போதும் பழைய பாவு. அவன் அறுத்துவிட்டது பழைய நுனியை, பழைய சௌந்தர்யாவை. ரசம் சாதம் ஊட்டியது விரல் கிழிந்தபோது இல்லை. டெங்குவின்போது, வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது.

அந்தப் பக்கத்தவள் அவனையே பார்த்தாள். கோபம் இல்லை. பாவம் இந்த மனுஷன் என்பதுபோல ஒரு பார்வை. அவன் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்தது.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில். எல்லாத் தறியும். கைப்பிடியைத் தொடாமலே அஞ்சாம் நம்பரும். அவன் நூலுக்குள் கையை விட்டான். அவள் விரல்கள் அகப்பட்டன. பிடித்தான். விரல்கள் நூலாக இருந்தன. முகம் இழை இழையாக விழுதுக் கண்களுக்குள் போனது. அவள் வாய் அசைந்தது. பதினாறு வருஷமாகப் படித்த வாயசைவு. என்னமோ சொன்னாள். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை, படிக்கவும் முடியவில்லை. கண்ணீர் மறைத்தது.

அச்சு அடித்தது. துணி சுருண்டது. மணைமேல் ஒரு பிடிச் சாம்பல்.

“காபி போடட்டுங்களா?” என்றாள் இந்தப் பக்கத்தவள், எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே.

*

காபியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழம்பிலும் இல்லை. அவள் டிசைன்கள் எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன, ஒன்றுகூட அழியவில்லை. சென்னியம்மாள் வந்து, “ஏஞ்சாமி, சௌந்தர்யா முன்னைக்கு இப்ப நல்லாக் கலராயிட்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் யாரிடம் போய் என்னவென்று சொல்வான்? பெண்டாட்டி காணோம் என்று புகார் எழுதினால், புகாருக்குப் பேனா எடுத்துக் கொடுப்பதே அவளாக இருக்கும்.

அன்றைக்கு நெய்த துணியை மட்டும் அவன் விற்கவில்லை. உருளையோடு கழற்றித் தார்ப்பாயில் சுற்றி ஷெட் மூலையில் வைத்தான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைத் தின்றது. பழைய சௌந்தர்யா என்றால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். ராத்திரிகளில் தறிச் சத்தம் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. சத்தம் இருக்கும்வரை மூலையிலிருந்து எதுவும் கேட்காது.

அடுத்த மாதம் கரண்ட் கட் தேதி வந்தது. 

ஒன்பது மணி. பக்கத்து ஷெட் நின்றது. எதிர்ச் சந்து நின்றது. ஆற்றோரம் நின்றது. தூரத்தில் ஒற்றைத் தறி நாலு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது.

ஆனந்தகுமார் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, துணிச்சுருளின் உள்மடிப்பிலிருந்து, வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல, மெல்ல.

“எடது கைங்க.”

அவன் காதை வைத்தான். துணி வெதுவெதுப்பாக இருந்தது.

“எடது கைதானுங்க. எடது கை.”

எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. இந்த ஒரு மாதமும், ராத்திரி பகலாக, தறிச் சத்தத்துக்கு அடியில். அவன் துணியைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகைக்கு நடுவே, அன்றைக்கு அடித்த அதே மணிச் சத்தம் கேட்டு நிறுத்தினான்.

அறையில், வயர் இல்லாத மானிட்டர் வெளிச்சம் போட்டிருந்தது. இரண்டாவது பெயர், ஆனந்தகுமார். 0 / 4800.

மூன்றாம் தறிக்குப் பின்னால் அந்தப் புதியவள் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். சாம்பல் கொட்டாங்குச்சி இரண்டு. புதுப் பாவு தொங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. நூல்திரைக்கு அந்தப் பக்கம் பார்த்து, “ஒக்காருங்க” என்றாள்.

அந்தப் பக்கம் கட்டம் போட்ட லுங்கி ஒன்று மணைமேல் அமர்ந்தது. தொண்டையைச் செருமியது. அது அவனுடைய செருமல். 

இரண்டு கைகள் இழைகளுக்கு நடுவே நீண்டன. அவன் தன் கைகளைப் பார்த்தான். விரல் நுனிகள் பத்திலும் சாம்பல் ஒட்டியிருந்தது.

“ஒண்ணு” என்றாள் அவள்.

“ஒண்ணு” என்றது அவன் வாய்.